பழைய கேரவனும் நெடும் பயணமும்



பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியிருக்கும் நம்மவர் எவரும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊர்ப் பயணத்தைப் பற்றி எண்ணாதிருப்பதில்லை. பயணச்சீட்டு கிடைக்குமா, முதியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை அமையுமா, வழியில் தங்க நல்ல இடம் வாய்க்குமா என்ற கவலைகள் விடுமுறைக்கு முன்பே வந்து நிற்கும். அவ்வேளையில், "வீட்டையே உடன் இழுத்துச் செல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!" என்றோர் ஆசை சிலருக்கு எழுவதுண்டு. எங்களுக்கும் எழுந்தது. அந்த ஆசையால் ஒரு பழைய கேரவனை வாங்கிப் புதுப்பிக்க முற்பட்டோம். அம்முயற்சியில் கற்றவற்றையும், அத்தகைய வண்டியைப் பற்றிப் பொதுவாக அறிய வேண்டியவற்றையும் இங்குக் கூறுவோம்.

கேரவன் என்ற சொல் பாரசீக மொழியிலிருந்து வந்தது. பாலைவனத்தில் ஒட்டகங்களோடு கூட்டமாகச் செல்லும் வணிகச் சாத்தையே அச்சொல் முதலில் குறித்தது. ஆங்கிலத்தில் அது கூண்டு அமைந்த பெரிய வண்டியையும் குறிக்கத் தொடங்கிற்று. நாம் நாள்தோறும் வழங்கும் 'வேன்' என்ற சொல் இதன் குறுக்கமேயாகும். நம் நாட்டில் கேரவன் என்றவுடன் திரைப்பட நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் பெரிய வண்டி நினைவுக்கு வரும். நாம் இங்குப் பேசுவது அதையன்று. தனக்கென எந்திரம் இல்லாமல், காரின் பின்னே பூட்டி இழுக்கப்படும் சிறு வீட்டையே பேசுகிறோம்.

இன்பப் பயணத்துக்கென்றே கேரவன் செய்துகொண்டவர்களில் முன்னோடியாகக் கருதப்படுபவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராயிருந்து ஓய்வு பெற்றவர் அவர். 'வாண்டரர்' என்ற பெயரில், இரு குதிரைகள் இழுக்கும் வண்டி ஒன்றைப் பிரிஸ்டல் நகரில் செய்வித்து, 1885ஆம் ஆண்டில் தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடபகுதி வரையில் சென்றார். 1907இல் பிரிட்டனில் கேரவன் சங்கம் தோன்றியது. முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1919 முதல், பர்மிங்ஹாம் நகரின் எக்கிள்ஸ் நிறுவனம் காரின் பின்னே இழுக்கத்தக்க கேரவன்களைச் செய்து விற்றது. அமெரிக்காவில் வாலி பையம் என்பவர், விமானத்தைப் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற வண்டியை 1936இல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வீடுகளுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டபோது, பல குடும்பங்கள் கேரவனிலேயே குடியிருந்தன. அதன் பின்னர், நடுத்தர மக்களும் வாங்கத்தக்க எளிய கேரவன்கள் ஆயிரக்கணக்கில் உருவாயின. இன்று 'பழங்கால கேரவன்' என்று விரும்பித் தேடப்படுபவற்றுள் பெரும்பாலானவை அக்காலத்தவையே.

எங்கள் கேரவனும் 1960களில் பிரிட்டனில் செய்யப்பட்டது. நீளம் 12 அடி. இரு சக்கரம், ஓர் அச்சு. நாங்கள் நாகபுரியில் குடியிருப்பவர்கள். 2021ஆம் ஆண்டில், மத்தியப் பிரதேசத்தில் ஒரு பட்டறையின் பின்புறத்தில், வேப்ப மரத்தடியில் அது கிடப்பதைக் கண்டோம். வளைந்த கூரையும், சிறு சன்னல்களும், உள்ளே மடித்து விரிக்கும் மேசையும் எங்கள் மனத்தைக் கவர்ந்துவிட்டன. வீட்டில் 78 வயதுடைய அம்மா இருந்தார். நாகபுரியிலிருந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஐதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்கிறது. தொலைவு 1,600 கிலோமீட்டருக்கும் மேல். அம்மா தம் குலதெய்வக் கோயிலைக் காண வேண்டும் என்று சில ஆண்டுகளாகக் கூறிவந்தார். மூட்டு வலியால் நெடுநேரம் உட்கார அவரால் இயலாது. "கேரவனில் படுத்துக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம்" என்று நாங்கள் அவருக்கு வாக்களித்தோம். அந்த வாக்கு எத்துணை அறியாமையோடு கொடுக்கப்பட்டது என்பது பின்னரே விளங்கிற்று.

முதலில் காகிதம்

பழைய கேரவனை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டுவது கூரையையன்று, பதிவுச் சான்றையே. எந்திரம் இல்லாத வண்டிதானே, இதற்கென்ன பதிவு என்று பலர் நினைக்கின்றனர். இது பிழை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லின் பொருளிலேயே டிரெய்லர் எனப்படும் இழுவை வண்டியும் அடங்கும். ஆகவே அதற்கும் தனிப் பதிவு வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கேரவன், சரக்கு வண்டிகளோடு சேராமல், சொந்த வாகனங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய வாகனத்தின் பதிவு முதலில் 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி, தகுதி உறுதி செய்யப்பெற்று, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நமக்கு மற்றொரு விதியும் முக்கியமானது. ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய இடத்திலிருந்து தடையின்மைச் சான்று தேவை.

50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கென 2021இல் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. அதைக் கேட்டு நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் அவ்விதிகள் இரு சக்கர, நான்கு சக்கர மோட்டார் வாகனங்களைக் கருதியவை. அவற்றின்படி பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பழங்கால வாகன அணிவகுப்பு போன்றவற்றுக்கே சாலையில் செலுத்தலாம். வழக்கமான பயணத்துக்கு அவ்வழி உதவாது. ஊர் சுற்றவேண்டுமென்று வாங்கும் கேரவனுக்குச் சாதாரணப் பதிவே உரிய வழி.

எங்கள் வண்டிக்குப் பழைய பதிவுப் புத்தகம் இருந்தது. காலம் மட்டுமே கடந்திருந்தது. ஆனால் அதில் எழுதப்பட்ட எண்ணும், வண்டியின் அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கப் புகுந்தபோது, கடைசி இரண்டு இலக்கங்கள் துருவின் அடியில் மறைந்து கிடந்தன. அவ்விலக்கங்கள் பொருந்தாவிடில் வாங்கிய பொருள் வெறும் தகரக் கொட்டகையே. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஓரிரவு சுற்றிவைத்து, மறுநாள் மெல்லிய பித்தளைத் தூரிகையால் தேய்த்தோம். எண் தெளிவாகத் தெரிந்தது, பொருந்தவும் செய்தது. பணம் கொடுக்கும் முன்னரே செய்திருக்க வேண்டிய இச்சோதனையை, பணம் கொடுத்த பின் நெஞ்சு படபடக்கச் செய்தோம். நேயர்கள் இம்முறையைப் பின்பற்றலாகாது.

நீர் என்னும் பகை

அக்காலக் கேரவன்களின் உடல், மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தி, உட்புறம் மெல்லிய பலகை பொருத்திச் செய்யப்பட்டது. அலுமினியம் துருப்பிடிப்பதில்லையே, பின் எதற்கு அச்சம் என்று கேட்கலாம். தகடு கெடுவதற்கு முன்னரே, தகடும் தகடும் கூடும் மூலைகள் கெட்டுவிடுகின்றன. அம்மூலைகளில் ஒரு நீண்ட உலோகப் பட்டையை வைத்து, அதன் அடியில் பிசின் போன்ற பூச்சைத் தடவித் திருகாணி அடித்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச்செல்லப் பூச்சு காய்ந்து வெடிக்கும். மழைநீர் திருகாணித் துளை வழியே உட்புகுந்து, மரச்சட்டத்தின் வழியே கீழிறங்கி, தரையை ஒட்டிய கீழ்க்கட்டையில் தேங்கும். மேலே ஓட்டை, கீழே அழிவு. இதனால் கெட்டுப்போன இடத்தைப் பார்ப்பவர் ஓட்டை அங்கேதான் இருக்கிறது என்று ஏமாந்துபோவார்.

ஈரத்தைக் கண்டறிய எளிய வழிகள் சில உண்டு. கதவைத் திறந்தவுடன் பூஞ்சை நாற்றம் வருகிறதா என்று முகர்ந்து பார்க்க வேண்டும். உட்சுவரைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் அதன் பின்னுள்ள மரம் போயிற்றென்று கொள்ளலாம். கருந்திட்டுகளும் மேற்பலகையின் கொப்புளங்களும் அடையாளங்களே. ஈரமானி கிடைத்தால் மிக நன்று. அது 15 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் அச்சமில்லை. 20க்கு மேல் காட்டினால் பிரித்துப் பார்க்க வேண்டும். 30ஐக் கடந்தால் பெரும்பாலும் சட்டமே உளுத்திருக்கும். நம் நாட்டில் கரையானையும் சேர்த்துத் தேட வேண்டும்.

எங்கள் வண்டியில் வலப்புற உட்பலகையைக் கழற்றியபோது, கீழ்க்கட்டை 4 அடி நீளத்துக்குக் காப்பித் தூளைப் போல உதிர்ந்தது. முன்னிருந்தவர் கூரையில் தார்த்தாள் ஒட்டியிருந்தார். அது நீரைத் தடுக்கவில்லை. உட்புகுந்த நீர் ஆவியாகி வெளியேறுவதையே தடுத்திருந்தது.

இதைச் சீர்திருத்தும் முறை வருமாறு. முதலில் மூலைப் பட்டைகளையும் சன்னல்களையும் கழற்றிப் பழைய பூச்சை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு உளுத்த மரத்தை, நல்ல மரம் தென்படும் வரையில் வெட்டிவிட்டு, புதுக் கட்டையைச் சாய்வெட்டில் இணைத்து, நீருக்கு இளகாத பசையால் ஒட்ட வேண்டும். ஒரே நாளில் எல்லாக் கட்டைகளையும் எடுத்துவிட்டால் உடல் தன் வடிவை இழந்து சாய்ந்துவிடும். ஒரு பக்கம் முடிந்த பின்பே மறுபக்கம் தொட வேண்டும். பலகைக்கு, கடல்நீரையும் தாங்கும் 'மெரைன்' பிளைவுட் ஏற்றது. அதன்மீது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மூலைகளை மீண்டும் பொருத்தும்போது பியூட்டைல் நாடாவைப் பயன்படுத்துவது நன்று. கடையில் எளிதில் கிடைக்கும் சிலிக்கோனைப் பலர் பீய்ச்சிவிடுகின்றனர். சிலிக்கோன் ஒட்டிய இடத்தில் பின்னர் வண்ணமும் ஒட்டாது, வேறு பூச்சும் ஒட்டாது. அலுமினியத்தில் இரும்புத் திருகாணி அடிப்பதும் தவறு. ஈரம் சேரும்போது இரண்டு உலோகங்களுக்கிடையே மின்வேதி வினை நிகழ்ந்து, திருகாணியைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கப்படும். துருவேறா எஃகுத் திருகாணியை, நாடாவின் வழியே செலுத்தி முடுக்குவதே முறை.

அடிச்சட்டமும் பிரேக்கும்

மேலே எவ்வளவு அழகு செய்தாலும், உயிரைக் காப்பது கீழே உள்ளதே. சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைத் துருநீக்கி, சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். வெல்டிங் வேலை இருப்பின், மரவேலை தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

காரையும் கேரவனையும் பூட்டும் இணைப்பில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. இக்காலத்தில் காரில் பொருத்தும் இழுவைக் குண்டின் விட்டம் 50 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் கேரவன்களின் இணைப்போ 2 அங்குலக் குண்டுக்கென, அதாவது 50.8 மில்லிமீட்டருக்கெனச் செய்யப்பட்டது. வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பூட்டிப் பார்த்தால் பொருந்தியது போலவே தோன்றும். ஆனால் மேடுபள்ளத்தில் துள்ளும்போது கழன்றுவிடக்கூடும். எங்கள் வண்டியில் பழைய இணைப்பே இருந்தது. அதை நீக்கிப் புதியதைப் பொருத்தினோம். அது கழன்றாலும் வண்டி தனியே ஓடிவிடாதபடி காப்புச் சங்கிலியும் சேர்த்தோம்.

கேரவனின் பிரேக் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஓட்டுநர் காரின் வேகத்தைக் குறைக்கும்போது, பின்னே வரும் கேரவன் காரை முன்னோக்கித் தள்ளும். அத்தள்ளலால் இணைப்பிலுள்ள தண்டு உள்வாங்கி, ஒரு கம்பியை இழுத்து, சக்கரத்திலுள்ள டிரம் பிரேக்கை அழுத்தும். பல ஆண்டுகள் நின்ற வண்டியில் அத்தண்டு துருவில் இறுகியிருக்கும். அப்போது கேரவனுக்கென்று பிரேக்கே இல்லை, முழுச் சுமையையும் காரின் பிரேக்கே தாங்க வேண்டும் என்பதை உணர வேண்டும்.

டயரின் பூவேலை தேயாதிருப்பதைக் கண்டு மகிழலாகாது. நின்ற இடத்திலேயே ரப்பர் கெடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். கேரவன் டயரை 5 ஆண்டில் மாற்றுவது நலம். 7 ஆண்டைக் கடக்க விடவே கூடாது.

எடை என்னும் கணக்கு

எங்கள் பெரும் பிழை இங்கேதான் நேர்ந்தது. உள்வேலைக்கு ஒரு தச்சரை அமர்த்தினோம். கைத்திறன் மிக்கவர். வீட்டு அலமாரி செய்வதுபோலவே 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கட்டிலும் அலமாரியும் சமையல் மேடையும் செய்து, மேலே சன்மைக்கா ஒட்டி, பளபளவென்று முடித்துக்கொடுத்தார். வந்தவர் எல்லாரும் பாராட்டினர். பிறகு வண்டியை எடைமேடைக்குக் கொண்டுசென்றோம். வெறும் வண்டியே 790 கிலோ. கேரவனைச் செய்தவர்கள் பொறித்துவைத்த தகட்டிலோ, சுமையோடு கூடிய மொத்த எடை 760 கிலோவைக் கடக்கலாகாது என்றிருந்தது. ஒரு தம்ளர்கூட உள்ளே வைக்கும் முன்பே, அச்சு தாங்கக்கூடியதற்கு மேல் 30 கிலோ ஏற்றிவிட்டோம்.

8 அடிக்கு 4 அடி அளவுள்ள 18 மில்லிமீட்டர் பலகை ஒன்று ஏறத்தாழ 35 கிலோ. அதே அளவில் 6 மில்லிமீட்டர் பலகை 12 கிலோவே. பழைய தச்சர்கள் மெல்லிய சட்டங்களைக் கூட்டி, அதன் மேல் மெல்லிய பலகையைப் போர்த்தியதன் காரணம் சிக்கனமன்று, எடையே. தச்சரை அழைத்து நிலைமையைக் கூறினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வீடு செய்யச் சொன்னீர்கள், செய்தேன். வண்டி என்று சொல்லியிருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன்" என்றார். பிழை அவருடையதன்று. அவரே எல்லாவற்றையும் பிரித்து, சட்டம் கூட்டி மீண்டும் செய்தார். எடை 630 கிலோவாக இறங்கியது.

மீதியுள்ள 130 கிலோவில் என்னென்ன வைக்கலாம் என்று கணக்கிடுவோம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 40 லிட்டர் தொட்டிக்கு 40 கிலோ. மின்கலம் 30 கிலோ. 5 கிலோ எரிவாயு கொண்ட சிறு உருளை, கூட்டைச் சேர்த்து ஏறத்தாழ 12 கிலோ. ஆக 82 கிலோ போயிற்று. எஞ்சிய 48 கிலோவுக்குள் படுக்கை, பாத்திரம், துணிமணி அனைத்தும் அடங்க வேண்டும். அம்மாவின் வெண்கலப் பானைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் இடமில்லை.

எடையை வைக்கும் இடமும் முக்கியம். கனமான பொருள் தரையை ஒட்டி, அச்சுக்கு மேலே இருக்க வேண்டும். கேரவனின் மூக்கு, இழுவைக் குண்டின்மேல் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரையில் அழுத்த வேண்டும். பின்புறம் கனத்தால் மூக்கு இலேசாகி, வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். அப்போது பிரேக்கை அழுத்தவோ, ஸ்டியரிங்கை வெட்டவோ கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டால், நெளிவு தானே அடங்கும். புதிதாக இழுப்போர், காரின் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கேரவனைப் பூட்டாதிருப்பது நல்லது.

நெருப்பும் மின்சாரமும்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாது, தரையில் தேங்கும். அதற்காகவே பழைய கேரவன்களின் தரையில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். எலியும் பூச்சியும் வருகின்றன என்று அவற்றை அடைத்துவிடுவது பேராபத்து. நுண்ணிய கம்பிவலை போட்டால் போதும். உருளை நிமிர்ந்த நிலையில், உள்ளறையோடு தொடர்பில்லாத தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் தர முத்திரை பெற்றதாகவும் 5 ஆண்டுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். குளிருக்காகக் கதவு சன்னல்களை அடைத்து அடுப்பை எரியவிட்டு உறங்குவது, கார்பன் மோனாக்சைடு நஞ்சால் உயிரைப் போக்கும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் மின்கலம் போதுமானது. 20 வாட் விளக்குகளும் 24 வாட் விசிறியும் சேர்ந்து ஏறத்தாழ 3.7 ஆம்பியர் எடுக்கும். 8 மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-மணி ஆகும். 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய மின்கலத்தில் பாதியை மட்டுமே செலவிடுவது அதன் ஆயுளுக்கு நல்லது. அக்கணக்கிலும் ஓரிரவு தாராளமாகக் கழியும். பழைய கம்பிகளை நம்பாமல் முழுவதும் மாற்றி, ஒவ்வொரு கிளைக்கும் பியூஸ் வைக்க வேண்டும். நாகபுரியின் கோடை வெயில் 45 பாகையைத் தொடும். அலுமினியக் கூடு அடுப்பாகிவிடாதிருக்க, சுவருக்குள் நுரைப்பலகையும் கூரையில் காற்றுப்போக்கியும் அமைத்தோம்.

ஒரு வாக்கு

வேலைகள் முடியும் தறுவாயில்தான், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம். ஓடும் கேரவனுக்குள் ஆள் இருக்கலாமா? இருக்கவே கூடாது. பிரிட்டனில் சட்டமே அதைத் தடுக்கிறது. மெல்லிய பலகையும் தகடுமாகிய அக்கூடு, மோதலில் எவரையும் காக்காது. உள்ளே இருக்கைப் பட்டை இல்லை. வண்டி நெளிந்தாலோ கழன்றாலோ, உள்ளிருப்பவர் கூவுவது காரில் இருப்போருக்குக் கேட்காது.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினோம். கடைசியில் சொன்னோம். அவர் புதிய திண்டின்மேல் உட்கார்ந்து, சன்னல் திரையைச் சரிசெய்துகொண்டே கேட்டார். "அப்படியானால் நின்றால்தான் இது வீடு. ஓடினால் வெறும் சாமான் வண்டி. அப்படித்தானே?" என்றார். அத்தனை நூல்களைப் புரட்டி நாங்கள் அறிந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டார். பின்பு, "என்னை இரயிலில் அனுப்பிவிடுங்கள். கோயிலுக்குக் காத்திருக்க என்னால் முடியாது" என்றார். அவ்வாண்டுத் தையில் அவரை இரயிலிலேயே அழைத்துச் சென்றோம். கோயிலில் பொங்கலிட்டுத் திரும்பினார்.

கேரவன் முதன்முதலில் சென்றது திருநெல்வேலிக்கு அன்று. நாகபுரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள இராம்டேக் மலையடிவாரத்துக்கே. ஊரைப் பிரிந்த யட்சன் ஒருவன் மேகத்தைத் தூதனுப்பியதாகக் காளிதாசர் பாடிய இராமகிரி இதுவே என்பர். அம்மா காரில் முன்னிருக்கையில் வந்தார். மணிக்கு 50 கிலோமீட்டரைக் கடக்காமல் ஓட்டினோம். வழியில் இரு முறை நிறுத்திச் சக்கரக் குடத்தைத் தொட்டுச் சூடு பார்த்தோம். இரவு பலத்த மழை பெய்தது. ஐவரும் விழித்திருந்து, கைவிளக்கை ஏந்தி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தோம். மூன்று மூலைகள் உலர்ந்திருந்தன. நான்காவதில் ஒரு துளி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதன் கீழே ஒரு தம்ளரை வைத்துவிட்டு, "நம் ஊர் ஓட்டு வீட்டில் இதைவிட ஒழுகும்" என்று கூறிப் படுத்துக்கொண்டார். அந்த மூலையை மறுபடியும் பிரித்து நாடா வைத்தோம். நெல்லைப் பயணம் இன்னும் எங்கள் முன்னே இருக்கிறது.

இறுதியாகச் சில வார்த்தைகள். பழைய கேரவனைப் புதுப்பிப்பதால் பணம் மிச்சமாகும் என்று எவரும் எண்ண வேண்டா. வாங்கிய விலையைப் போல் மும்மடங்கு எங்களுக்குச் செலவாயிற்று. பயணம் மட்டுமே நோக்கமாயின், வாடகைக் கேரவன் சாலச் சிறந்தது. கேரளமும் மகாராஷ்டிரமும் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கைகளை வகுத்தன. அவற்றையொட்டிய வசதிகளை விசாரித்துப் பார்க்கலாம். அவ்வாறன்றி, பழமையைப் பேணும் ஆர்வமும், இரண்டு ஆண்டு பொறுமையும், மழையில் நனையாத ஒரு கொட்டகையும் உடையவர் தாராளமாக முயலலாம். அவர்கள் வேலையின் வரிசையை மட்டும் மாற்றலாகாது. முதலில் காகிதம், அடுத்து அடிச்சட்டமும் பிரேக்கும், பின்பு ஒழுக்கு, அதன் பின் மரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் அழகு. நாங்கள் அழகிலிருந்து தொடங்கினோம். அதனால்தான் ஒரே வேலையை இரு முறை செய்ய நேர்ந்தது.